திடீர் வெள்ளமும் உங்கள் காரும்: கோலாலம்பூரில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

கோலாலம்பூருக்குக் குடிவந்து முதல் காரையும் வாங்கியாயிற்று என்றால் சாலை வரி, டோல் கார்டு, பார்க்கிங் என்று எல்லாவற்றையும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் "நம்ம ஏரியாவுல தண்ணி ஏறாது" என்பார்கள். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் விடாமல் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கின. 2022 மார்ச் 7 அன்று ஜாலான் ஈப்போ, ஜாலான் கூச்சிங் பக்கம் வந்தது வேறு வகை வெள்ளம். பிற்பகல் மழை கொட்டியது, சாலையில் போய்க்கொண்டிருந்த கார்கள் அப்படியே நீரில் நின்றன. முதல் வகைக்குக் காரை முன்கூட்டியே அப்புறப்படுத்த நேரம் கிடைக்கும். இரண்டாவதற்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. நகருக்குள் வாழ்பவருக்கு அடிக்கடி வருவது இரண்டாவதுதான்.

முதலில் காப்புறுதி

தண்ணீர் வருவதற்கு முன்பே முடித்தாக வேண்டிய வேலை இது. கம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்திருப்பதால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். மலேசியாவில் அந்தப் பாலிசி விபத்து, தீ, திருட்டுக்குப் பணம் தரும். வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கும். அவற்றுக்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுலிலும் அப்படித்தான்.

பழைய கட்டண முறைப்படி இதற்குக் காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு. இப்போது 0.2 விழுக்காடு அளவுக்கும் கிடைக்கிறது. 50,000 ரிங்கிட் மதிப்புள்ள காருக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 100 முதல் 250 ரிங்கிட், சேவை வரி தனி. மலிவாகத் தருபவற்றில் சில, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும். முழுத் தொகையும் கிடைக்குமா, பாதிதானா என்பதைக் கேளுங்கள். வெள்ளத்துக்குக் கிளைம் செய்தால் என்சிடி (கிளைம் செய்யாமல் இருப்பதற்குக் கிடைக்கும் தள்ளுபடி) என்னவாகும் என்பதையும் ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதில் கிளைம் நேரத்தில் உதவாது.

மலை மேட்டில் கொண்டோ, தண்ணீரே வராது என்பவர்களுக்கும் இது தேவைப்படலாம். புயல்காற்றில் மரம் விழுந்தால் பல பாலிசிகள் அதையும் இயற்கைப் பேரிடராகத்தான் பார்க்கும். 2024 மே 7 அன்று ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து 17 வாகனங்கள் நசுங்கின, ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சேதத்துக்குக் காரணம் வெள்ளமே இல்லை.

உங்கள் கார் எவ்வளவு தண்ணீர் தாங்கும்

பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து முன்பக்கமாகப் போகும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர்க் குழாயைத் தொடர்ந்து போனால், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் கிடைக்கும். பெரும்பாலான கார்களில் அது கிரில்லுக்குப் பின்னால் அல்லது ஹெட்லைட்டின் ஓரத்தில் இருக்கும். தரையிலிருந்து அந்த வாய்வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வரவே கூடாது. ஆனால் அதுவரை போகலாம் என்றும் அர்த்தமில்லை. கார் நகரும்போது முன்னால் அலை எழும்பும், எதிரே லாரி வந்தால் இன்னும் எழும்பும்.

ஓட்டும்போது டேப் பிடித்து அளக்க முடியாது என்பதால் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் வேண்டும். சாலையோரத்துக் கறுப்பு வெள்ளைக் கல்கட்டு ஏறத்தாழ 15 செ.மீ உயரம். அது மறைந்துவிட்டால், தண்ணீர் சிறிய காரின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 அங்குல ரிம்மில் 175/65 டயர் போட்ட காருக்குச் சக்கரத்தின் நடுமையம் 28 செ.மீ அளவில் இருக்கும். முன்னே போகிற அதே அளவுக் காரின் சக்கரத்தில் பாதி மறைகிறது என்றால் உங்களுக்கு அந்தப் பாதை முடிந்தது. 30 செ.மீ ஓடும் நீரில் சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும். 60 செ.மீ நீர் பெரிய எஸ்யூவியையும் இழுத்துக்கொண்டு போகும். உயரமான ஹைலக்ஸ் பிக்கப் போகிறதே என்று மைவி போன்ற சிறிய காரில் பின்னால் போகிறவர்கள்தான் ஒவ்வொரு மழையிலும் நடுச்சாலையில் நிற்கிறார்கள்.

வானத்தைப் பார்ப்பது

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி மாலை வரை போகும். பருவக்காற்று மாறும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் அது உச்சத்தில் இருக்கும். வேலை முடிந்து வீடு திரும்பும் அதே நேரம்.

கைப்பேசியில் இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா செயலி. இடிமழை எச்சரிக்கையும் ரேடார் படமும் அதில் வரும். தொடர்மழைக்கான எச்சரிக்கை வாஸ்பாடா (கவனம்), பூரோக் (மோசம்), பஹாயா (ஆபத்து) என மூன்று படி. பூரோக் வந்துவிட்டால் தாழ்வான இடத்தில் காரை விட்டு வைக்காதீர்கள். இன்னொன்று, வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ்ஸின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளம். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஆற்று நிலையத்தின் நீர்மட்டத்தையும் மழை அளவையும் அதில் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ-க்கு மேல் பெய்தால் அதை 'மிகக் கனமழை' என்கிறது ஜேபிஎஸ். உங்கள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மேல்புறத்தில், கோம்பாக் பக்கம், அந்த எண் ஏறினால் சற்று நேரத்தில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் மஸ்ஜிட் ஜாமேக் சுற்றுவட்டாரம் வரை அந்தத் தண்ணீர் வந்து சேரும்.

ஸ்மார்ட் சுரங்கம் மூடப்பட்டிருக்கிறது என்ற பலகையைப் பார்த்தால் அதையும் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் அடிப்படையில் 9.7 கி.மீ நீளமுள்ள வெள்ளக் கால்வாய். அதன் ஒரு பகுதியில்தான் கார்கள் ஓடுகின்றன. பெருமழையில் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். மழை நேரத்தில் அது மூடியிருந்தால் ஆறு நிரம்பிக்கொண்டிருக்கலாம்.

பினாங்கிலும் கிள்ளானிலும் இருப்பவர்கள் கடல் ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். கடல் உயர்ந்திருக்கும்போது லோங்காங் (சாலையோர வடிகால்) நீர் வடிய வழியில்லாமல் தெருவுக்குத் திரும்பும். உப்பு கலந்த நீர் காருக்கு மழைநீரைவிடப் பல மடங்கு கெடுதல்.

எங்கே நிறுத்துவது

அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்தான் மிக ஆபத்தானது. தெருவிலிருந்து சரிவுப்பாதை வழியாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் வெளியேறும் வழியும் அதே சரிவுதான். எச்சரிக்கை வந்த அன்றே பேரங்காடியின் மேல்தளப் பார்க்கிங்குக்குக் கொண்டுபோய் விடுங்கள். பார்க்கிங் கட்டணத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள். மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது, ஆனால் மீட்பு வண்டிகளுக்கு அதுவே இடைஞ்சல்.

தண்ணீர் சுற்றிவளைத்துவிட்டது, காரை எடுக்க முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். கியரை 'பி'-யில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஜன்னல்களை மூடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எலக்ட்ரானிக் பிரேக் உள்ள காரில் வரிசை மாறினால் பிரேக் விழாது. 10 எண் ஸ்பேனரால் முதலில் கறுப்பு நெகட்டிவ் முனையைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். சைலன்சர் வாயையும் காற்று உறிஞ்சும் வாயையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டலாம். கட்டினால் ஸ்டியரிங்கில் ஒரு காகிதம் ஒட்டி எழுதி வையுங்கள். வெள்ளம் வடிந்த களைப்பில் அது யாருக்கும் நினைவிருக்காது. தண்ணீர் ஏற்கெனவே முழங்காலைத் தாண்டிவிட்டது என்றால் இது எதுவும் வேண்டாம், காரை விட்டுவிட்டு மாடிக்குப் போங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிளின் பக்கமே கை போகக் கூடாது.

மழையில் ஓட்டும்போது

டயர் பள்ளம் சட்டப்படி 1.6 மி.மீ இருந்தால் போதும். கோலாலம்பூர் மழைக்கு 3 மி.மீ-க்குக் கீழே போனதுமே மாற்றுங்கள். மழையில் ஹஸார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, லேன் மாறுகிறீர்களா என்று தெரியாது. ஹெட்லைட் போதும். இன்னொன்று, மழை கொட்டியதும் மோட்டார்சைக்கிள்காரர்கள் மேம்பாலங்களின் அடியில் இடது ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள், இடமில்லாமல் இடது லேன் வரைக்கும் நிற்பார்கள். மேம்பாலத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து நடு லேனுக்கு வந்துவிடுங்கள்.

முன்னால் தேங்கிய நீர்

ஆழம் தெரியாவிட்டால் திரும்புவதுதான் சரி. பழுப்பு நீருக்கு அடியில் மூடி பெயர்ந்த சாக்கடைக் குழி இருக்கலாம். லோங்காங் எங்கே முடிந்து ரோடு எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது. சுரங்கப்பாதையில் தேங்கிய நீருக்குள் ஒருபோதும் இறங்காதீர்கள். நடுவில்தான் மிக ஆழம்.

கல்கட்டு தெரிகிறது, தண்ணீர் ஓடவில்லை, தேங்கித்தான் நிற்கிறது, கடந்தே ஆக வேண்டும் என்றால்:

1. ஏர்கோனை அணையுங்கள். முன்பக்க விசிறி நீரில் சுழன்றால் அதன் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும்.
2. ஆட்டோ காரில் 'எல்' அல்லது '2', மேனுவலில் முதல் கியர்.
3. சாலையின் நடுவில், மேடான பகுதியில் போங்கள். முன்னால் போகும் கார் முழுவதும் கடந்து முடிக்கும்வரை காத்திருங்கள்.
4. நடக்கும் வேகத்தில், ஒரே சீராக. நடுவில் நிற்கவும் வேண்டாம், கியர் மாற்றவும் வேண்டாம்.
5. வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்துங்கள். முதல் சில அழுத்தங்களில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: மறுபடியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒருமுறைகூட வேண்டாம்.

காரணம் எளிது. எஞ்சினின் பிஸ்டன் காற்றை அழுத்தும், காற்று அழுந்தும். தண்ணீர் அழுந்தாது. ஃபில்டர் வழியாக உள்ளே போன சில கரண்டித் தண்ணீர் சிலிண்டரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால், பிஸ்டன் மேலே ஏற முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற நொடியில் சேதமில்லாமல் தப்பிய எஞ்சின்கூட இரண்டாவது முயற்சியில் போய்விடும். சில நேரம் வளைந்த ராடோடு எஞ்சின் ஓடவும் செய்யும். சில வாரம் கழித்து நெடுஞ்சாலையில் அது பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காப்புறுதி நிறுவனமும் 'தண்ணீரில் நின்ற பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்' என்று வாதம் செய்ய வழி பிறக்கும்.

சாவியை அணைத்துவிட்டு ஆட்களைப் பாருங்கள். நீர் ஏறுகிறது என்றால் பெல்ட்டைக் கழற்றி உடனே ஜன்னலை இறக்குங்கள். மின்ஜன்னல் நீண்ட நேரம் வேலை செய்யாது, கதவைத் திறக்க வெளிநீரின் அழுத்தம் விடாது. குழந்தைகளை முதலில் ஜன்னல் வழியாக அனுப்புங்கள். ஜன்னல் இறங்கவில்லை என்றால் கண்ணாடி உடைக்கும் சுத்தியலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடி இரண்டடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, உடைந்தாலும் வழிவிடாது. புதிய கார்கள் சிலவற்றில் முன்பக்க ஜன்னலும் அப்படித்தான், உங்கள் காரின் கண்ணாடி மூலையில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். சுத்தியலைப் பின்பெட்டியில் வைக்காதீர்கள், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அவசர எண் 999.

தண்ணீர் வடிந்த பிறகு

கையுறையும் ரப்பர்ப் பூட்ஸும் போடாமல் சேற்றில் இறங்காதீர்கள். வெள்ள நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், காலில் சிறு வெட்டு இருந்தாலே எலிக்காய்ச்சல் வர அது போதும்.

எதையும் துடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். நம்பர் பிளேட்டோடு நான்கு பக்கமும், கதவிலும் சீட்டிலும் சேறு படிந்த கோடு, அந்தக் கோட்டின் பக்கத்தில் டேப்பை நிறுத்தி ஒரு படம், பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர். மீட்டர் எண்ணுக்காக இக்னிஷனைப் போடாதீர்கள். பிறகு போலீசில் புகார், அதன் பிறகு காப்புறுதி நிறுவனத்தின் ஹாட்லைன். அடையாள அட்டை, லைசென்ஸ், கிராண்ட் (காரின் உரிமைச் சான்று), பாலிசி, புகார் நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். காரை அவர்கள் அங்கீகரித்த பேனல் பட்டறைக்கு ஏற்றிப் போக வேண்டும், சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் பார்ப்பதற்கு முன் யாரும் எதையும் பிரிக்கக் கூடாது. இழுவை லாரி வரும்போது தட்டை மேடையுள்ளதைக் கேளுங்கள். ஆட்டோ காரை முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் போகும்.

தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கதவின் அடிவிளிம்புக்குக் கீழே நின்றிருந்தால் பிரேக்கும் சக்கர பேரிங்கும்தான் பார்க்க வேண்டியவை. பின்சக்கர டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவச் சொல்லுங்கள். பேரிங்கில் கிரீஸ் கரைந்திருந்தால் சில வாரம் கழித்து வேகத்தோடு ஏறும் 'ஊ' என்ற சத்தம் வரும். டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் எஞ்சின் கணினி, ஃபியூஸ் பெட்டி, வயரிங் எல்லாமே நனைந்திருக்கும். பெரும்பாலும் மொத்த இழப்பாகவே முடியும். அப்போது கிடைக்கும் தொகை உங்கள் பாலிசி 'அக்ரீட் வேல்யூ'வா (முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை), சந்தை மதிப்பா என்பதைப் பொறுத்தது.

கிளைம் இல்லாமல் சொந்தச் செலவில் பார்ப்பவர்கள் போர்மேனிடம் (பட்டறை மெக்கானிக்) இந்த வரிசையைக் கேளுங்கள். முதலில் எஞ்சின் ஆயில் ஸ்டிக். ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சிலிண்டரில் இருக்கும் நீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சும். இடையில் முட்டி நின்றால் அங்கேயே நிறுத்தி எஞ்சினைப் பிரிக்க வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை வடித்து, புது ஃபில்டரும் 3 முதல் 4 லிட்டர் ஆயிலும் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்த ஆயிலையும் வடித்து மறுபடி புதிது போட வேண்டும். இந்த இரண்டாவது வடிப்பைப் பல பட்டறைகள் செய்வதில்லை. முதல் தடவைக்கு மலிவான ஆயில் போதும், அதனால் செலவைக் காரணம் காட்டி விடாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயில் வெளிறிய ரோஸ் நிறமாகிப் பால்போல் கலங்கியிருந்தால் அதையும் பலமுறை மாற்ற வேண்டும். தண்ணீர் கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பசையைக் கரைத்துவிடும்.

உள்பக்கம் உலர்வதுதான் நீண்ட வேலை. கார்பெட்டின் மேல்புறம் ஒரே நாளில் காய்ந்துவிடும். அடியில் இருக்கும் தடித்த ஸ்பாஞ்ச் நாள்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும், இந்த ஊர் ஈரத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். சீட்டைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. சீட்டின் அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்குக்கோ பெல்ட் இழுப்பானுக்கோ உரியது. பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்ட பிறகே அதைத் தொட வேண்டும். தரைத்தகட்டில் இருக்கும் ரப்பர் மூடிகளைத் திறந்துவிட்டால் தேங்கிய நீர் இறங்கிவிடும். கார்பெட்டை நல்ல தண்ணீரில் அலசிச் சேறு போன பிறகே வெயிலில் போடுங்கள். சேற்றோடு காய்ந்தால் நாற்றம் நிரந்தரம்.

வெள்ளத்துக்குப் பிந்தைய மாதங்களில் பழைய கார் வாங்கப் போனால்

முங்கிய கார்கள் கழுவி, மெழுகு பூசி விற்பனைக்கு வரும். சீட்டை மாற்றிவிடுவார்கள், பெல்ட்டை மாற்றுவது அபூர்வம். பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துக் கடைசி ஒரு முழத்தை வெளிச்சத்தில் பாருங்கள், சேறு ஏறிய கோடு அங்கே தெரியும். சீட் தண்டவாளத்து போல்ட்டுகளில் துரு, ஸ்பேர் டயர்ப் பள்ளத்தின் மூலையில் மெல்லிய மண், ஹெட்லைட்டுக்குள் பனிபோல் ஈரம், ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்புறத்தில் காய்ந்த களிமண், இணைப்புகளில் பச்சைக் கறை ஆகியவற்றையும் தேடுங்கள். ஏர்கோனைப் போட்டு ஜன்னலை மூடி ஐந்து நிமிடம் உட்காருங்கள். வாசனைத் திரவியம் கணக்குக்கு மீறித் தொங்கிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள்.